பெயர் கெட்ட கம்பெனியில் உண்மையாக வேலை பார்த்தவர்கள்

சென்னையில் நான் முன்பு வேலை பார்த்த சிறிய மென்பொருள் நிறுவனம், வாசற்படியே மிதிக்காதவர்களுக்கும் காசு வாங்கிக்கொண்டு அனுபவச் சான்றிதழ் கொடுத்துவந்திருக்கிறது. விஷயம் வெளியே வந்ததும் பெரிய ஐ.டி. நிறுவனங்கள் அதைச் சந்தேகப் பட்டியலில் சேர்த்துவிட்டன. அங்கே ராத்திரி பகலாக உழைத்த எங்கள் மீதும் அதே முத்திரை விழுந்தது. அடுத்த கம்பெனியின் ஆஃபர் கையில் இருந்தும் பி.ஜி.வி.யில், அதாவது பின்னணிச் சரிபார்ப்பில், சிக்கிக்கொண்டேன்.

சரிபார்ப்பவர்கள் வழக்கமாகப் பழைய எச்.ஆருக்கு மெயில் அனுப்பி, சேர்ந்த தேதி, விலகிய தேதி, பதவி ஆகியவற்றைக் கேட்பார்கள். பதில் சொல்கிறவர் மேலேயே நம்பிக்கை இல்லாதபோது அவர் கையெழுத்திட்ட ரிலீவிங் லெட்டரால் என்ன பயன்? அந்தக் கம்பெனி நினைத்தபடி எழுதித்தர முடியாத ஆதாரங்கள்தான் வேண்டும்.

என்னைக் காப்பாற்றியது பி.எஃப். பாஸ்புக். பி.எஃப். உறுப்பினரின் பொது எண்ணான யு.ஏ.என். கணக்கில் சேர்ந்த தேதியும் மாதாமாதம் கட்டிய தொகையும் பதிவாகியிருக்கும். விலகிய தேதியை நிறுவனம் பதியாமல் விட்டிருந்தால், கடைசித் தொகை கட்டிய மாதத்திலிருந்து 2 மாதம் கழித்து இணையத்தில் நாமே பதியலாம். 20 பேருக்குக் குறைவான இடங்களில் பி.எஃப். இல்லாமலே போகலாம். அப்போது சம்பளம் ஏறிய வங்கிக் கணக்கின் ஸ்டேட்மென்ட்டும், வரி பிடித்திருந்தால் வருமான வரித் துறையின் 26ஏஎஸ் படிவமும் பேசும். கம்பெனி தள்ளாடத் தொடங்கும்போதே பே ஸ்லிப், ஃபார்ம் 16 எல்லாவற்றையும் சொந்த மெயிலில் சேமித்துவிடுங்கள். அலுவலக மெயில் என்றைக்கு வேண்டுமானாலும் திறக்காமல் போகலாம்.

ரெஸ்யூமேயில் அந்தப் பெயரை மறைக்கச் சொல்லிப் பலர் எனக்கு யோசனை சொன்னார்கள். செய்யாதீர்கள். யு.ஏ.என். அதைக் காட்டிக்கொடுக்கும், அதுவரை கம்பெனியின் குற்றமாக இருந்தது அன்றைக்கு உங்கள் பொய்யாகிவிடும். நான் சரிபார்ப்பு தொடங்கும் முன்பே புதிய எச்.ஆருக்கு எழுதினேன்: வேலை பார்த்த காலம், செய்த பணி, நிறுவனம் பற்றிய செய்தி எனக்கும் தெரியும் என்ற ஒரு வரி, இணைப்பில் ஆதாரங்கள். பழைய முதலாளியைத் திட்டி ஒரு சொல்கூட இல்லை. விசாரணை நீண்டது, ஆனால் வேலை கிடைத்தது.

நிறுவனத்தின் தவறு ஊழியர்களின் தவறாகிவிடாது. 2009 ஜனவரி 7 அன்று சத்யம் ஐ.டி. நிறுவனத்தின் தலைவர் ராமலிங்க ராஜு கணக்கு மோசடியை ஒப்புக்கொண்டபோது அங்கே சுமார் 50,000 பேர் வேலை பார்த்தார்கள். புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தவர்களா அந்தக் கணக்கைத் திரித்தார்கள்? சந்தேகப் பட்டியலில் பழைய கம்பெனியின் பெயர் இருக்கிறது என்பதற்காக விளக்கம்கூடக் கேட்காமல் ஆஃபரை ரத்து செய்வது அநியாயம் என்றே நினைக்கிறேன்.

என் டீமில் இருந்த தம்பி ஒருவருக்கு பி.எஃப். கிடையாது, சம்பளமும் பெரும்பாலும் ரொக்கம். அவர் என்னோடு வேலை பார்த்தார் என்று என் பாஸ்புக் நகலையும் இணைத்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். உங்கள் பழைய சகா யாராவது அப்படிக் கேட்டு வந்தால் தயங்காமல் கொடுங்கள்.