அவளா? அதுவா?

(வீடியோ கேம்களில் வரும் பெண் ரோபோக்கள் பற்றி ஒரு சிறு ஆய்வு)



இலக்கண வகுப்பில் உயர்திணை, அஃறிணை படித்திருக்கிறோம். மனிதர், தேவர், நரகர் என்றால் உயர்திணை. மற்றதெல்லாம் அஃறிணை. அப்படிப் பார்த்தால் மிக்ஸி, சைக்கிள், கம்ப்யூட்டர் எல்லாமே 'அது'தான். இதில் யாருக்கும் சந்தேகம் வராது.

ஆனால் வீடியோ கேமில் ஒரு ரோபோ வருகிறது. பெண் முகம், பெண் குரல், பெண் பெயர். பேசுகிறது, பயப்படுகிறது. இப்போ 'வந்தது' என்று எழுதுவதா, 'வந்தாள்' என்று எழுதுவதா? பெயரை விட்டுவிட்டு எழுதினாலும் தமிழில் வினைமுற்று காட்டிக் கொடுத்துவிடும்!

இயந்திரத்துக்கு ஆண்பால், பெண்பால் கிடையாது. பெண்ணாக இருக்கட்டும் என்று முடிவு செய்தது அந்த கேமை உருவாக்கியவர்கள். ஏன் அப்படி முடிவு செய்தார்கள்? இதைத் தெரிந்துகொள்ள நான்கு பாத்திரங்களை எடுத்துக்கொண்டு மூன்று கேள்விகள் கேட்டேன்.

1. கதையில் யார் உருவாக்கினார்கள்?
2. என்ன வேலை கொடுத்தார்கள்?
3. 'முடியாது' என்று சொல்ல வழி இருந்ததா?

(எச்சரிக்கை: கதை முடிச்சுகள் வெளியே வரும். இனிமேல்தான் ஆடப் போகிறேன் என்பவர்கள் அந்தப் பகுதியைத் தாண்டிப் படிக்கவும்.)

முதலில் இரண்டு சொற்கள்

ரோபோ: செக் நாட்டு எழுத்தாளர் கரேல் சாப்பெக் 1920-இல் எழுதிய நாடகத்தில் வந்த சொல். செக் மொழியில் 'ரோபோட்டா' என்றால் கட்டாய வேலை. அதாவது பெயரிலேயே வேலைக்காரன்!

ஆண்ட்ராய்டு: செல்போனில் இருப்பது இல்லீங்க. மனித உருவில் செய்யப்பட்ட ரோபோவுக்கு இந்தப் பெயர்.

1. ரோல் (1987)

ஜப்பானின் கேப்காம் நிறுவனம் வெளியிட்ட 'மெகா மேன்' கேமில் டாக்டர் லைட் என்ற விஞ்ஞானி ராக், ரோல் என்று இரண்டு ரோபோக்களைச் செய்கிறார். ராக் பையன், ஆய்வகத்தில் உதவியாளர். ரோல் பெண், வீட்டு வேலை. டாக்டர் வைலி என்ற வில்லன் மற்ற ரோபோக்களைக் கெட்டவையாக மாற்றியதும், ராக் தானே முன்வந்து போர் வீரனாக மாறுகிறான். அவன்தான் மெகா மேன். ரோல்? முதல் கேமில் எல்லாச் சண்டையும் முடிந்தபிறகு, வீட்டு வாசலில் நிற்கிறாள்.

பிறகு வந்த சில கேம்களில் ரோலும் சண்டை போட்டாள். 2008-இல் வந்த 'டாட்சுனோகோ வெர்சஸ் கேப்காம்' கேமில் அவள் கையில் கொடுத்த ஆயுதம் என்ன தெரியுமா? துடைப்பம்!

2. கிளாடோஸ் (2007)

அமெரிக்காவின் வால்வ் நிறுவனம் செய்த 'போர்ட்டல்' கேமில் வருவது. மனித உருவமே கிடையாது. கூரையிலிருந்து தொங்கும் பெரிய இயந்திரம். பெண் என்று சொல்ல இருப்பது குரல் மட்டும்தான். அந்தக் குரலைக் கொடுத்தவர் எலன் மெக்லெய்ன் என்ற ஓபரா பாடகி. "சோதனையை முடித்தால் கேக் தருகிறேன்" என்று இனிமையாக ஆசை காட்டிவிட்டு, நம்மைத் தீயில் தள்ளப் பார்க்கும்.

சரியான ராட்சசி என்றுதான் எல்லோரும் நினைப்போம். ஆனால் 2011-இல் வந்த இரண்டாம் பாகத்தில் பழைய கதை தெரியவருகிறது. அந்த நிறுவனத்தின் முதலாளி கேவ் ஜான்சன். அவருடைய உதவியாளர் கரோலின் என்ற பெண். முதலாளி சாகும் தறுவாயில் ஓர் உத்தரவைப் பதிவு செய்கிறார். தன் மனதைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவதற்குள் தான் இறந்துவிட்டால், கரோலின்தான் இந்த இடத்தை நடத்த வேண்டுமாம். அவள் மறுப்பாள், மறுத்தாலும் ஏற்றிவிடுங்கள் என்கிறார்! அப்படித்தான் கிளாடோஸ் உருவானது. ஆக, நாம் பயந்த இயந்திரத்துக்குள் இருந்தது, 'முடியாது' என்ற பேச்சு எடுபடாமல் போன ஒரு பெண்.

3. டூ-பி (2017)

யோகோ டாரோ இயக்கிய ஜப்பானிய கேம் 'நியர் ஆட்டோமேட்டா'. கதை நடப்பது 11945-ஆம் ஆண்டு! வேற்றுக் கிரகத்தார் அனுப்பிய இயந்திரங்களோடு ஆண்ட்ராய்டுகள் சண்டை போடுகிறார்கள். நிலாவில் ஒளிந்திருக்கும் மனிதர்களுக்காகத்தான் இந்தச் சண்டை என்று சொல்லி வளர்க்கப்பட்டவர்கள். உண்மையில் மனித இனம் எப்போதோ அழிந்துவிட்டது.

டூ-பி கண்ணைக் கறுப்புத் துணியால் கட்டியிருப்பாள். உணர்ச்சியை வெளியே காட்டக் கூடாது என்பது அவர்கள் படையின் விதி. 'பி' என்றால் 'பேட்டில்', அதாவது சண்டைக்கு என்று நினைத்துக்கொண்டே ஆடுவோம். உண்மையில் அவள் வகை 'ஈ', அதாவது தண்டனை நிறைவேற்றுபவள். கூடவே வரும் நைன்-எஸ் என்ற நண்பன் ரகசியத்தை நெருங்கும் ஒவ்வொரு முறையும் அவனைக் கொல்வதுதான் அவளுக்குக் கொடுத்த வேலை. நைன்-எஸ் புது உடம்போடு திரும்பி வருவான். அவளை மறந்திருப்பான். அவள் மட்டும் மறக்க மாட்டாள்.

ஒரு விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். சண்டைக்குப் போகிறவளுக்கு உயர்ந்த குதிகால் செருப்பும் குட்டைப் பாவாடையும் எதற்கு? அது போர் வீரருக்கான உடை இல்லை. ஆடுகிறவர் பார்த்து ரசிப்பதற்கான உடை. கதை இவ்வளவு ஆழமாக இருந்தும் இந்த இடம் எனக்கு இடித்தது.

4. காரா (2012, 2018)

பிரான்சின் குவாண்டிக் டிரீம் நிறுவனம் 2012-இல் 'காரா' என்று ஒரு குறும்படம் காட்டியது. தொழிற்சாலையில் ஒரு பெண் ஆண்ட்ராய்டைப் பொருத்துகிறார்கள். சமைப்பேன், குழந்தையைப் பார்த்துக்கொள்வேன் என்று ஒப்பிக்கிறது. விற்பனைப் பொருள் என்று தெரிந்ததும், தனக்கு உயிர் இருப்பதாக நினைத்தேன் என்கிறது. கோளாறு என்று கழற்ற ஆரம்பிக்கிறார்கள். பயமாக இருக்கிறது, வாழ வேண்டும் என்று அவள் கெஞ்ச, இயக்குபவர் மனம் மாறி விட்டுவிடுகிறார். (இந்தப் பத்தியில் 'ஒப்பிக்கிறது' எங்கே 'அவள்' ஆனது என்று திரும்பிப் பாருங்கள்!)

அந்தப் படமே வளர்ந்து 2018-இல் 'டெட்ராய்ட்: பிகம் ஹியூமன்' என்ற கேம் ஆனது. கதை நடப்பது 2038-இல். மூன்று ஆண்ட்ராய்டுகளாக நாம் ஆடலாம். கானர், துப்பறிபவன். மார்க்கஸ், வயதான ஓவியரைப் பார்த்துக்கொண்டிருந்து பின்னால் புரட்சித் தலைவன் ஆகிறான். காராவுக்கு வீட்டு வேலையும் ஆலிஸ் என்ற சிறுமியும். இங்கேயும் பாருங்கள், வேலைப் பங்கீடு 1987-இல் இருந்த மாதிரியே!

ஆனால் ஓர் இடம் வேறு மாதிரி. வீட்டுக்காரன் ஆலிஸை அடிக்கப் போகிறான். காராவை "அசையாதே" என்கிறான். அந்தக் கட்டளை திரையில் சிவப்புச் சுவராகத் தெரியும். நாம் பட்டனை அழுத்தி அந்தச் சுவரை உடைக்க வேண்டும். உடைக்காமல் கட்டளைக்கு அடங்கி நின்றால் காராவின் கதை அங்கேயே முடிந்துவிடும்.

பெட்டிச் செய்தி: விளையாட்டுக்கு வெளியே

2001-இல் வந்த 'ஹேலோ' கேமில் கார்ட்டானா என்ற பெண் குரல் கம்ப்யூட்டர் பாத்திரம் உண்டு. 2014-இல் மைக்ரோசாஃப்ட் தன் குரல் உதவியாளருக்கு அதே பெயரை வைத்தது. குரலும் அதே நடிகை ஜென் டெய்லருடையது. (2023-இல் விண்டோஸில் அதை நிறுத்திவிட்டார்கள்.) உதவியாளர் என்றாலே பெண் குரல் என்று வைப்பது, பெண் என்றால் ஏவலுக்குக் காத்திருப்பவள் என்ற எண்ணத்தை வளர்க்கிறது என்று யுனெஸ்கோ 2019-இல் ஓர் அறிக்கையில் எச்சரித்தது. 2021-இல் ஆப்பிள் நிறுவனம் ஆங்கில 'சிரி'க்குத் தானாகவே பெண் குரல் வைப்பதை விட்டு, வாங்கியவரே தேர்ந்தெடுக்கச் செய்தது.

நான் கண்டது என்ன?

நான்கு பேருக்கும் வேலையைக் கொடுத்தவர் வேறு யாரோ. முகமோ குரலோ அவர்களை 'அவள்' ஆக்கவில்லை. 'முடியாது' என்ற சொல்தான் ஆக்குகிறது. ரோலுக்கு அந்தச் சொல்லே கொடுக்கப்படவில்லை. கரோலினின் சொல் மதிக்கப்படவில்லை. டூ-பி அதை விழுங்கிக்கொள்கிறாள். காரா சொல்கிறாள், நாம் உடன் நின்றால்.

இலக்கணத்தில் திணை வழுவமைதி என்று ஒன்று உண்டு. பாசத்தில் பசுவைப் பார்த்து "என் அம்மை வந்தாள்" என்பது தவறில்லை. அதுபோல காராவை 'அவள்' என்பதும் தவறில்லை என்பது என் கருத்து. இதைவிடப் பெரிய தவறு தலைகீழாகச் செய்வது. ஒரு நிஜப் பெண் 'மாட்டேன்' என்று சொல்லும்போது, கோளாறான இயந்திரத்தைப் பார்ப்பது போலப் பார்க்கிறோமே, அதற்கு எந்த வழுவமைதியும் இல்லை.

சிந்திக்க

1. நீங்கள் ஆடும் கேமில் பெண் பாத்திரத்துக்கு என்ன வேலை? அதே வேலையை ஆண் பாத்திரத்துக்குக் கொடுத்தால் கதை மாறுமா?
2. மாணவிகளே, நீங்கள் ஒரு ரோபோவை வடிவமைத்தால் அதற்கு முதலில் எந்தச் சொல்லைக் கற்றுக்கொடுப்பீர்கள்?
3. வகுப்பறையைப் பெருக்கணும், துடைப்பத்தை எடு என்றதும் நம் கண் முதலில் யார் பக்கம் போகிறது?

விடைகளைத் தாளில் எழுதி சுவரிதழ்ப் பொறுப்பாசிரியரிடம் கொடுங்கள். நல்ல விடைகள் அடுத்த இதழில் வரும்.