அச்சை வெட்டுமா, தொட்டுத் திரும்புமா?



9ய² − 9ய + 2 என்ற பல்லுறுப்புக் கோவைக்கு வரைபடம் வரையச் சொன்னால் என்ன செய்வீர்கள்? (பாடநூலில் எக்ஸ், வொய் என்று வரும் மாறிகளை இங்கே ய, ர என்று குறிப்போம்.) வழக்கம்போல ஓர் அட்டவணை போடுவீர்கள். ய = −1 எனில் மதிப்பு 20; 0 எனில் 2; 1 எனில் 2; 2 எனில் 20. எல்லாம் மிகை எண்கள். புள்ளிகளை இணைத்தால் வளைகோடு கிடை அச்சுக்கு மேலேயே நிற்கிறது. "இக்கோவைக்குப் பூச்சியங்கள் இல்லை" என்று எழுதிவிடுவீர்கள். ஆனால் அது தவறான விடை!

கோவையைக் காரணிப்படுத்திப் பாருங்கள்: (3ய − 1)(3ய − 2). ஒரு பெருக்கற்பலன் பூச்சியமாக வேண்டுமானால், காரணிகளுள் ஒன்றாவது பூச்சியமாக வேண்டும் அல்லவா? ஆகவே ய = 1/3, ய = 2/3 ஆகிய இரண்டும் இதன் பூச்சியங்கள். இவற்றின் நடுவே, ய = 1/2 எனும்போது, மதிப்பு −1/4. அதாவது, 0க்கும் 1க்கும் இடையே வளைகோடு அச்சுக்குக் கீழே இறங்கி ஏறியிருக்கிறது. முழு எண்களை மட்டும் கொண்ட நம் அட்டவணைக்கு அது அகப்படவில்லை. எனவே முதலில் காரணிகளைத் தேடுங்கள். அட்டவணை பிறகு வரட்டும்.

குறி மாறுகிறதா?

இனி ஒரு முப்படிக் கோவை: ய³ − 3ய² + 4. இதன் காரணிகள் (ய + 1)(ய − 2)². பூச்சியங்கள் −1, 2. இந்த இரண்டு இடங்களிலும் வளைகோடு ஒரே மாதிரி நடந்துகொள்ளுமா?

ய ஆனது −1ஐ விடக் குறைவு எனில் (ய + 1) குறை எண். (ய − 2)² மிகை எண். பெருக்கற்பலன் குறை எண். −1ஐத் தாண்டியதும் (ய + 1) மிகை எண்ணாகிறது. கோவையின் குறியும் மாறுகிறது. எனவே அங்கே வளைகோடு அச்சை வெட்டி மேலே செல்கிறது. ய = 0 எனும்போது 4 வரை ஏறி, பிறகு இறங்குகிறது. ய = 2 என்ற இடத்தில் என்ன ஆகிறது? வர்க்கம் எப்பக்கத்திலும் குறை எண் ஆகாது. குறி மாறாததால் வளைகோடு அச்சைத் தொட்டுவிட்டு மேலேயே திரும்புகிறது.

இதிலிருந்து கிடைக்கும் விதி எளியது. காரணியின் அடுக்கு ஒற்றை எண் எனில் வளைகோடு அச்சை வெட்டும். இரட்டை எண் எனில் தொட்டுத் திரும்பும்.

எத்தனை பூச்சியங்கள்?

படி எவ்வளவோ, அதற்கு மேல் பூச்சியங்கள் இருக்க முடியாது. ஒற்றைப்படிக் கோவையின் வளைகோட்டில் இடக்கோடியும் வலக்கோடியும் அச்சின் எதிரெதிர்ப் பக்கங்களில் இருக்கும்; ஆகவே அது ஓரிடத்திலாவது அச்சை வெட்டியே தீர வேண்டும். இரட்டைப்படிக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ய² + 1க்கு மெய்யெண் பூச்சியம் ஒன்றுகூடக் கிடையாது.

பூச்சியங்களே வடிவமானால்?

மாறிகள் இரண்டானால் இன்னொரு வியப்பு. ய² + ர² − 25 என்ற கோவை (5, 0), (3, 4), (4, 3) போன்ற எண்ணற்ற புள்ளிகளில் பூச்சியமாகிறது. அவை எல்லாம் சேர்ந்து 5 அலகு ஆரமுள்ள ஒரு வட்டம்! இவ்வாறு பூச்சியங்கள் உருவாக்கும் வடிவங்களை ஆராயும் துறைக்கு இயற்கணித வடிவியல் என்று பெயர்.

இத்துறையில் உலகப் புகழ் பெற்றவர் 1932இல் காஞ்சிபுரத்தில் பிறந்து, சென்னை லயோலா கல்லூரியில் பயின்ற சி. எஸ். சேஷாத்ரி. 1984இல் அடையாறை அடுத்த தரமணியிலுள்ள கணித அறிவியல் நிறுவனத்தில் சேர்ந்தார். 1989இல் தியாகராய நகரில் அவர் தொடங்கிய கணிதப் பள்ளியே பின்னர் சென்னைக் கணிதக் கழகமாக வளர்ந்து, 2005இல் சிறுசேரிக்குச் சென்றது. அவர் 2020இல் மறைந்தார். நீங்கள் வகுப்பில் தேடும் பூச்சியங்கள், அவர் ஆயுள் முழுதும் ஆராய்ந்த துறையின் முதற்படி.

செய்து பாருங்கள்: ய³ + ய² − 8ய − 12 என்பதன் பூச்சியங்கள் −2, 3. வளைகோடு எங்கே வெட்டும், எங்கே தொட்டுத் திரும்பும்? அட்டவணை போடாமலே சொல்லுங்கள்!