முன்னேற்பாடே முதல் வெற்றி

கரடுமுரடான மலைப்பாதையில் நடக்கும் சைக்கிள் பந்தயத்திற்குக் கால்வலிமை மட்டும் போதுமா?

அமெரிக்காவில், கலிபோர்னியாவின் ஃபேர்ஃபாக்ஸ் ஊருக்கருகே 1976-இல் ஒரு பந்தயம் தொடங்கிற்று. சுமார் 2 மைல் தூரத்தில் 1,300 அடி இறக்கம்! அன்றைய பழைய சைக்கிள்களில், பெடலைப் பின்னோக்கி மிதித்தால்தான் பிரேக் பிடிக்கும். அந்தச் சூட்டில் பின்சக்கர ஹப்பிலுள்ள கிரீஸ் உருகிப் புகைந்துவிடும். அடுத்த ஓட்டத்துக்குமுன் புது கிரீஸ் அடைத்தாக வேண்டும். எனவே, ‘மீண்டும் அடைத்தல்’ என்னும் பொருளில் ‘ரீபேக்’ என்பதே பந்தயத்தின் பெயராயிற்று.

நாம் செய்யவேண்டியவை:

1. பிரேக்கைச் சோதித்து, செயினுக்கு எண்ணெயிடுக.
2. பாதையை முன்னதாகவே நடந்து பார்க்க.
3. தலைக்கவசம் அணிக.
4. செங்குத்தான இறக்கத்தில் முன்பிரேக்கை மட்டும் சட்டென அழுத்தற்க; தலைகுப்புற விழ நேரும்.

விளக்கோடு எண்ணெயும் கொண்டுசென்ற ஐந்து கன்னியரை ஆண்டவர் புகழ்ந்தாரன்றோ? பந்தயத்திலும் அவர்களைப்போல் விவேகிகளாவோம்!