நெஞ்சுக்குள் ஒரு கோட்டை



எல்லாரும் உங்க இடது தோளைக் கொஞ்சம் பாருங்க. பலருக்கு அங்கே சின்னதா ஒரு தழும்பு இருக்கும். பிறந்ததும் போட்ட பி.சி.ஜி. ஊசியின் தழும்பு அது. காசநோய்க்காகப் போட்டது. அந்த நோயை நம் உடம்பு எப்படி எதிர்த்துச் சண்டை போடுது என்பதைத்தான் இப்போது பார்க்கப் போகிறோம்.

எதிரி யார்?

காசநோய் ஒரு பாக்டீரியாவால் வருகிறது. ஜெர்மனி நாட்டு ராபர்ட் காக் அதைக் கண்டுபிடித்து 1882 மார்ச் 24 அன்று அறிவித்தார். அதனால்தான் மார்ச் 24 உலகக் காசநோய் நாள். நுரையீரலில் நோய் உள்ளவர் இருமும்போது கிருமி காற்றில் கலந்து, பக்கத்தில் இருப்பவர் மூச்சோடு உள்ளே போகும்.

உடம்பின் மூன்று காவல்

1. வாசல் காவல்: மூக்கில் உள்ள முடியும் சளியும் தூசியையும் கிருமியையும் பிடித்து நிறுத்தும். மூச்சுக்குழாயில் உள்ள நுண்ணிய மயிர்கள் சளியை மேலே தள்ளிவிடும். இதையும் தாண்டிச் சில கிருமிகள் நுரையீரலின் காற்றறைக்குள் போய்விடும்.

2. விழுங்கும் படை: வெள்ளை அணுக்களில் ஒரு வகை, வந்த கிருமியை அப்படியே விழுங்கி அழிக்கும். ஆனா காசநோய்க் கிருமி கில்லாடி! விழுங்கிய அணுவுக்குள்ளேயே சாகாமல் உட்கார்ந்திருக்கும்.

3. கோட்டை: இன்னும் நிறைய வெள்ளை அணுக்கள் ஓடிவந்து கிருமியைச் சுற்றிச் சுவர் மாதிரி நிற்கும். கிருமி உள்ளேயே தூங்கும். அந்த ஆளுக்கு இருமலும் இருக்காது, அவரிடமிருந்து மற்றவருக்குப் பரவவும் செய்யாது.

உலகில் ஏறத்தாழ நாலில் ஒருவர் உடம்புக்குள் இந்தக் கிருமி நுழைந்திருக்கிறதாம். அவர்களில் 100 பேருக்கு 5 முதல் 10 பேருக்குத்தான் வாழ்நாளில் நோயாக மாறுகிறது. மற்றவர்களைக் காப்பாற்றுவது இந்தக் கோட்டைதான்.

கோட்டை எப்போ உடையும்?

சத்துக் குறைவு, சர்க்கரை நோய், எச்.ஐ.வி., புகைப்பழக்கம், குடிப்பழக்கம் இவையெல்லாம் காவலைப் பலவீனமாக்கும்.

ஊசி போட்டாச்சே, அப்புறம் எப்படி வரும்னு கேட்பீங்க. பி.சி.ஜி. குழந்தைகளை மூளைக் காசநோய் போன்ற கடுமையான வகைகளிலிருந்து நன்றாகக் காக்கும். பெரியவர்களின் நுரையீரல் காசநோயைத் தடுக்குமா என்று அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் 1968-ல் பெரிய ஆய்வு தொடங்கினார்கள். தடுக்கவில்லை என்றுதான் தெரிந்தது. அதனால் தழும்பு இருக்கிறதே என்று இருமலை அலட்சியம் பண்ணக் கூடாது.

சென்னை உலகுக்குச் சொன்ன பாடம்

பரங்கிமலையில் மின்சார ரயில் ஏறினா, தாம்பரத்துக்கு முந்தின ஸ்டேஷன் தாம்பரம் சானடோரியம். சானடோரியம் என்றால் காசநோயாளிகளைத் தங்கவைத்துச் சிகிச்சை கொடுக்கும் இடம். அந்தக் காலத்தில் நோயாளியை வீட்டை விட்டுப் பிரித்து மாதக்கணக்கில் அங்கே வைப்பார்கள்.

1956-ல் சேத்துப்பட்டில் ஒரு காசநோய் ஆய்வு மையம் தொடங்கினார்கள். 193 நோயாளிகளில் ஒரு பகுதியினரைச் சானடோரியத்தில் சேர்த்தார்கள். மற்றவர்களுக்கு வீட்டில் இருந்தபடியே மாத்திரை கொடுத்தார்கள். வீடோ நெரிசல், சாப்பாடும் சுமார்தான். ஆனாலும் ஒரு வருடம் கழித்து இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே அளவு குணம்! வீட்டில் கூட இருந்தவர்களுக்கும் அதனால் நோய் அதிகமாக வரவில்லை. 1959-ல் இந்த முடிவு வெளியானது. பிறகு உலகமே வீட்டுச் சிகிச்சைக்கு மாறியது.

அப்போ நல்ல சாப்பாடு வேண்டாமா? வேணும். அதே மையம்தான் இன்று தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். அவர்கள் ஜார்க்கண்டில் நோயாளிகளின் குடும்பங்களுக்குக் கூடுதல் உணவு கொடுத்துப் பார்த்தார்கள். அந்தக் குடும்பங்களில் புதிதாக நோய் வருவது ஏறத்தாழ 40 சதவீதம் குறைந்தது என்று 2023-ல் அறிவித்தார்கள். வந்த நோயைத் தீர்க்க மாத்திரை, வராமல் காக்கச் சோறும் பருப்பும் முட்டையும்.

எங்க தெருவில்

எங்க தெருவில் ஒரு அக்கா இரண்டு மாசம் இருமலை மறைச்சு வச்சிருந்தாங்க. வெளியே தெரிஞ்சா யாரும் பேச மாட்டாங்கன்னு பயம். அவங்க பயந்த மாதிரியே நடந்தது. தண்ணி குடிச்ச டம்ளரைக்கூட ஒரு வீட்டில் தூக்கிப் போட்டாங்க. ஆனா காசநோய் டம்ளரால் பரவாது, தட்டால் பரவாது, கை கொடுத்தாலும் பரவாது. மருந்து ஒழுங்காகச் சாப்பிட்டால் சில வாரங்களிலேயே பரவும் தன்மையும் வெகுவாகக் குறைந்துவிடும். நாம ஒதுக்கினா அவங்க மறைப்பாங்க. மறைச்சா கிருமி இன்னும் நாலு பேருக்குப் போகும்.

நினைவில் வையுங்கள்

* இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், சாயங்காலக் காய்ச்சல், எடை குறைதல் இருந்தால் அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனை செய்யணும். பரிசோதனையும் மருந்தும் இலவசம்.
* சாதாரணக் காசநோய்க்கு 6 மாதம் மாத்திரை. நடுவில் நிறுத்தினால் கிருமி மருந்துக்கு அடங்காது.
* இருமும்போது வாயை மூடுங்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள்.
* யார் வீட்டில் இந்த நோய் இருந்தாலும், அந்த வீட்டுப் பிள்ளை பக்கத்தில் எப்பவும் போல உட்காருங்கள்.



– 9-ஆம் வகுப்பு மாணவி, ஆதம்பாக்கம்