பகுதியில் ஒளிந்திருக்கும் பூஜ்யம்

கணக்கு என்றாலே காததூரம் ஓடும் தோழியரே! அதிலும் பின்னச் சமன்பாடு என்றால் கேட்கவே வேண்டாம். பகுதியில் ஓர் எண் இருந்தால் எப்படியோ சமாளித்துவிடுவோம். அங்கே ‘க’ என்னும் மாறி வந்து உட்கார்ந்துகொண்டால் பேனா நின்றுவிடும். ஆனால் இதற்கு வழி மூன்றே படிகள்தாம்.

ஒரு குழாய் ஒரு தொட்டியை 6 மணி நேரத்தில் நிரப்பும். இன்னொரு குழாயையும் சேர்த்துத் திறந்தால் 4 மணி நேரம் போதும். இரண்டாவது குழாய் தனியே நிரப்ப எத்தனை மணி நேரமாகும்? அதைக் ‘க’ என்போம். ஒரு மணி நேரத்தில் நிரம்பும் பங்குகளைக் கூட்டினால்,

1/6 + 1/க = 1/4

முதற்படி: பகுதிகளின் மீச்சிறு பொது மடங்கைக் காண்க. இங்கு அது 12க.

இரண்டாம் படி: ஒவ்வோர் உறுப்பையும் அதனால் பெருக்குக.
2க + 12 = 3க; எனவே க = 12.

மூன்றாம் படி: விடையைச் சரிபார்க்க.
1/6 + 1/12 = 3/12 = 1/4. சரி!

இந்த மூன்றாம் படி எதற்கு என்று நானும் அலட்சியமாக இருந்தவள்தான். காலாண்டுத் தேர்வில் வந்தது இந்தக் கணக்கு:

க/(க − 3) = 3/(க − 3) + 2

என் தோழி (க − 3) ஆல் பெருக்கும்போது கடைசியில் நின்ற 2-ஐ மறந்துவிட்டாள். க = 5 என்று எழுதினாள். நான் மறக்கவில்லை. க = 3 + 2(க − 3), அதாவது க = 2க − 3; ஆகவே க = 3. விடையைச் சுற்றிக் கட்டம் போட்டுப் பெருமையுடன் தாளைக் கொடுத்தேன். இருவருக்குமே மதிப்பெண் போயிற்று!

5-ஐப் பிரதியிட்டால் இடப்பக்கம் 5/2, வலப்பக்கம் 7/2. 3-ஐப் பிரதியிட்டாலோ பகுதி பூஜ்யமாகிறது. பூஜ்யத்தால் வகுக்க இயலாது. ஆகவே இச்சமன்பாட்டிற்குத் தீர்வே இல்லை என்பதுதான் சரியான விடை.

என் பெருக்கலில் பிழையில்லையே, பின் 3 எப்படி வந்தது? க = 3 என்றால் (க − 3) பூஜ்யம். 5-உம் 7-உம் சமமல்ல. ஆனால் இரண்டையும் பூஜ்யத்தால் பெருக்கினால் சமமாகிவிடும். பொய்யையும் மெய்யாக்கிக் காட்டும் அந்தப் பெருக்கலே போலி விடையைத் தந்தது.

கி.பி. 628-இல் பிரம்மகுப்தர், பூஜ்யத்தைப் பூஜ்யத்தால் வகுத்தால் பூஜ்யம் என்றார். இன்றைய கணிதம் அதை ஏற்பதில்லை. மேதையையே தடுமாற வைத்த பூஜ்யம் நம்மை மட்டும் விடுமா?

எனவே தோழியரே, கணக்கைத் தொடங்குமுன் ‘க ≠ 3’ என்று ஓரத்தில் எழுதிக்கொள்ளுங்கள். விடை வந்ததும் பேனாவை மூடிவிடாதீர்கள். அரை நிமிடம் சரிபாருங்கள். நான் இழந்த மதிப்பெண் உங்களுக்காவது கிடைக்கட்டும்!