எலும்பு உட்கார்ந்த பிறகு

அன்புள்ள கயல் கண்ணுக்கு,

உனக்குக் கேஷுவாலிட்டியில் டியூட்டி போட்டிருப்பதாக உன் அப்பா சொன்னான். இறங்கிய தோளை ஏற்றவும் ஒடிந்த கையை நேராக்கவும் எந்த மருந்து நல்லது என்று கேட்டிருந்தாயாமே. ஐந்து வயதில் நீ கொய்யா மரத்திலிருந்து விழுந்து கையை ஒடித்துக்கொண்டபோது, என் சேலைத் தலைப்பைக் கடித்தே கிழித்தவள்தான்! வலி என்னவென்று உனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

நோயாளி கண்ணை மூடிவிட்டால் வலி போய்விட்டது என்று நினைத்துவிடாதே. மிடசோலாம் தூங்கவைக்கும், நடந்ததை மறக்கடிக்கும், வலியைத் தொடாது. வெள்ளை வெளேரென்ற அந்தப் புரொபோஃபோலும் அப்படித்தான். சட்டென்று தூக்கம், சில நிமிடத்தில் விழிப்பு. நடுவில் பிரஷரை இறக்கும், மூச்சையும் நிறுத்திவிடலாம். வலிக்கு ஃபென்டனில் இருக்கிறது. அதை மிடசோலாமோடு சேர்த்தால் மூச்சு இன்னும் அமுங்கும். ஆகவே, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடு. நலாக்சோனைக் கைக்கெட்டும் தூரத்தில் வை.

நான் அதிகம் நம்பியது கீட்டமினை. வலியையும் நினைவையும் ஒரே ஊசியில் பார்த்துக்கொள்ளும். மூச்சு பெரும்பாலும் தன்பாட்டில் ஓடும். நரம்பில் கிலோவுக்கு 1 முதல் 2 மில்லிகிராம், மெதுவாக. குழந்தை கண்ணைத் திறந்தபடியே கிடக்கும், விழி இங்குமங்கும் ஆடும். தாயிடம் முன்பே சொல்லிவை, இல்லாவிட்டால் அவள் மயங்கி விழுவாள். தெளியும்போது வாந்தி வரலாம், பெரியவர்கள் சிலர் பிதற்றுவார்கள். அபூர்வமாகக் குரல்வளை இறுகும்.

வயிறு முட்டப் பரோட்டா தின்றுவிட்டு பைக்கிலிருந்து விழுந்து மணிக்கட்டை ஒடித்துக்கொண்டு வருகிறவனுக்குத் தூக்கமே வேண்டாம். முறிந்த இடத்து ரத்தக்கட்டுக்குள் லிக்னோகெய்ன் போட்டாலே பல நேரம் காரியம் நடந்துவிடும்.

தூக்க மருந்து போட்டவனைப் பற்றி எனக்குக் கவலையெல்லாம் எலும்பு ஏறிய பிறகுதான். எலும்பு 'களுக்'கென்று உட்கார்ந்ததும் எல்லாரும் மாவுக்கட்டு, எக்ஸ்ரே என்று கலைந்துவிடுவார்கள். அதுவரை அவனை மூச்சுவிடத் தூண்டிக்கொண்டிருந்ததே அந்த வலிதான். வலி போய்விட்டது, மருந்து இன்னும் போகவில்லை. ஆக்சிஜன் ஓடினால், மூச்சு நின்றாலும் விரலில் மாட்டியது சற்று நேரம் 98 என்றே காட்டும். கேப்னோகிராஃப் கோடு முன்னாலேயே படுத்துவிடும். அது இல்லாத இடத்தில் நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார். கையை இழுக்க ஆர்த்தோ பையன்கள் இருக்கிறார்கள். நீ தலைமாட்டை விட்டு நகராதே.

சக்ஷன் ஓடுகிறதா என்று முதலிலேயே பார்த்துக்கொள். சிரிஞ்சில் மருந்தின் பெயரை எழுது, அதுவும் மற்றவர்கள் படிக்கிற எழுத்தில். பெயர் கேட்டால் குளறாமல் சொல்லும்வரை அவன் பக்கத்திலேயே இரு. வெளியே அடுத்த கேஸ் கத்திக்கொண்டிருக்கும். கத்தட்டும், கத்துகிறவனுக்கு மூச்சு இருக்கிறது.

உன் அத்தை