பழைய பிக்கப்புக்குப் புதிய வானொலி



பழைய பிக்கப் ஒன்று நம்மில் பலருக்கு வெறும் வாகனம் அல்ல. ஊரை விட்டு வெளியேறிய நாளில் அதுவே வீட்டுச் சாமான்களைச் சுமந்தது. இன்று விதைநெல்லையும் உரத்தையும் கொண்டுவருவதும், வெங்காயத்தையும் மிளகாயையும் சந்தைக்குக் கொண்டுபோவதும், நடுச்சாமத்தில் நோயாளியை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிச் செல்வதும் அதுவே. பல இடங்களில் ஒரு குழுவுக்கோ ஒரு குறிச்சிக்கோ ஒரே ஒரு பிக்கப்தான் இருக்கிறது. இந்தப் பாடத்தில் அந்த வாகனத்தின் ஒரு சிறு உறுப்பைப் பற்றி, அதாவது வானொலியைப் பற்றிப் பார்ப்போம்.

வானொலி ஓர் ஆடம்பரப் பொருள்தானே என்று சிலர் கேட்கலாம். 1990ஆம் ஆண்டின் பின் யாழ்ப்பாணத்தில் மின்சாரமும் இல்லை, பற்றறியும் இல்லை என்ற நிலையில், சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைச் சுற்றி, டைனமோவில் வானொலி கேட்டவர்கள் நாம். செய்தி என்பது உயிரோடு தொடர்புடையது என்பதை எமக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் திகதி எச்சரிக்கை கிடைக்காமையால் எத்தனை உயிர்களை இழந்தோம்! 2025 நவம்பர் இறுதியில் டிட்வா சூறாவளி வந்தபோதும் பல இடங்களில் மின்சாரமும் தொலைபேசியும் தடைப்பட்டன. அப்படியான நேரத்தில் தன் சொந்தப் பற்றறியில் பேசக்கூடிய வானொலி ஒன்று குறிச்சியில் இருப்பது பெரிய காரியம்.

ஆனால் அதே வானொலியைப் பிழையாகப் பூட்டினால் ஆபத்தும் உண்டு. சில வருடங்களுக்கு முன் ஒரு குழுவின் பிக்கப்பில் வானொலி மாற்றினார்கள். வயர்களை முறுக்கி ரேப் சுற்றினார்கள். பியூஸ் இரண்டு முறை எரிந்தது. மூன்றாம் முறை சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றிப் போட்டார்கள். மரக்கறியோடு சந்தைக்குப் போகும் வழியில் டாஷ்போட்டிலிருந்து புகை வந்தது. நல்லவேளையாக எவருக்கும் காயம் இல்லை. ஆனால் வயர்கள் யாவும் கருகிவிட்டன. அன்றைய சந்தையும் போயிற்று, அந்தப் போகத்தின் இலாபத்தில் ஒரு பங்கும் கராஜுக்குப் போயிற்று. ஒரு சிறு பியூஸ் செய்ய வேண்டிய வேலையை வெள்ளித்தாள் செய்யாது என்பதே அன்று எல்லோரும் படித்த பாடம்.

வாங்குவதற்கு முன்

முதலாவது, அலைவரிசை. எமது நாட்டில் ஓடும் பழைய பிக்கப்புகளில் பல, ஜப்பானில் பாவித்தபின் இங்கு வந்தவை. ஜப்பானில் எப்.எம். ஒலிபரப்பு 76 மெகாஹெர்ட்ஸில் தொடங்குகிறது. அந்நாட்டுப் பழைய வானொலிகள் 90 உடன் நின்றுவிடும். எமது நிலையங்களோ 88 முதல் 108 வரை பரந்திருக்கின்றன. ஆகவேதான் நல்ல நிலையில் உள்ள வானொலிகூட இங்கு ஒன்றிரண்டு நிலையங்களை மாத்திரம் எடுக்கிறது. அது பழுது அல்ல. ஏரியல் வயரில் பூட்டும் ஒரு சிறு அலைமாற்றிப் பெட்டியும் கடைகளில் உண்டு. செலவு குறைவு. ஆனால் திரையில் தெரியும் எண் உண்மையான எண்ணாக இராது, எல்லா நிலையங்களும் கிடைக்கமாட்டா. வசதி இருப்பின் வானொலியையே மாற்றுவது நல்லது.

இரண்டாவது, மத்திய அலை. இப்பொழுது விற்கப்படும் மலிவான கருவிகளில் யு.எஸ்.பி., புளூடூத் எல்லாம் இருக்கும், மத்திய அலை இராது. எப்.எம். அலை ஒரு கோபுரத்தைச் சுற்றியுள்ள பிரதேசத்துக்கே எட்டும். அந்தக் கோபுரம் விழுந்தாலோ மின்சாரம் இழந்தாலோ அது மௌனமாகிவிடும். மத்திய அலையோ தூரம் போகும். இரவில் இன்னும் அதிக தூரம் போகும். மத்திய அலை நிலையங்கள் குறைந்து வந்தாலும், இரண்டும் எடுக்கும் கருவியையே தெரிவு செய்யுங்கள். சிற்றலைக்காக மேலதிகப் பணம் கொடுக்கத் தேவையில்லை. நாம் காத்திருந்து கேட்ட பி.பி.சி. தமிழோசையின் வானொலிச் சேவையும் 2017இல் நின்றுவிட்டது.

மூன்றாவது, வோல்ற் அளவு. பிக்கப்புகள் பெரும்பாலும் 12 வோல்ற். ஆனால் சில டீசல் லொறிகள் 24 வோல்ற். 12 வோல்ற் வானொலியை அதில் பூட்டினால் உடனே எரிந்துவிடும். இரண்டு பற்றறி உள்ள வாகனமாயின் அளந்து பார்க்காமல் வாங்க வேண்டாம். நல்ல 12 வோல்ற் பற்றறி, எஞ்சின் நிற்கும்போது சுமார் 12.6 காட்டும், எஞ்சின் ஓடும்போது சுமார் 14 காட்டும். 1960கள் வரை வந்த சில பிரித்தானிய வாகனங்களில் பற்றறியின் நேர்முனை வாகன உடலோடு பூட்டப்பட்டிருக்கும். அவற்றுக்கு இக்கால வானொலி நேரடியாகப் பொருந்தாது.

நான்காவது, இடத்தின் அளவு. வழமையான வானொலியின் முகம் சுமார் 180 மில்லிமீற்றர் அகலமும் 50 மில்லிமீற்றர் உயரமும் கொண்டது. பல ஜப்பானிய வாகனங்களில் அதன் இரு மடங்கு உயரமான இடம் இருக்கும். மிகப் பழையவற்றில் இரண்டு குமிழ்களுக்கு இரண்டு துளைகளும் நடுவில் ஒரு சிறு சதுரமும் மாத்திரமே இருக்கும். டாஷ்போட்டை வெட்டுவதற்கு முன் இருமுறை அளவுங்கள்.

ஐந்தாவது, ஸ்பீக்கர். அதன் பின்புறத்தில் ஓம் என்ற அளவு எழுதப்பட்டிருக்கும். 4 ஓமுக்குக் குறைந்ததை இக்கால வானொலிகளில் பூட்ட வேண்டாம்.

வயர்களை அறிந்துகொள்ளல்

வாய்க்காலைத் தெரிந்த விவசாயிக்கு வயரைத் தெரிந்துகொள்வது கடினமல்ல. பற்றறி குளம். வோல்ற் என்பது நீர்மட்டம். அம்பியர் என்பது பாயும் நீரின் அளவு. குளக்கட்டு உடையாமல் காக்க வான் இருப்பதுபோல, வயர் எரியாமல் காக்கப் பியூஸ் இருக்கிறது.

கடையில் வாங்கும் வானொலிகளில் பெரும்பாலும் பின்வரும் நிறங்கள் இருக்கும்.

மஞ்சள்: எந்நேரமும் மின் இருக்க வேண்டிய வயர். நிலையங்களின் நினைவைக் காப்பது இதுவே.
சிவப்பு: திறப்பைத் திருப்பினால் மாத்திரம் மின் வரவேண்டிய வயர்.
கறுப்பு: ஏர்த். வாகனத்தின் இரும்பு உடலோடு சேர வேண்டியது.
நீலம்: மின்னால் எழும்பும் ஏரியலுக்கு உரியது. அது இல்லையாயின் நுனியை மூடி விடுங்கள்.
செம்மஞ்சள்: இரவு வெளிச்சத்துக்கு உரியது.
வெள்ளை, சாம்பல், பச்சை, ஊதா: ஸ்பீக்கர் வயர்கள். ஒவ்வொன்றுக்கும் அதே நிறத்தில் கறுப்புக் கோடு போட்ட சோடி உண்டு. வெள்ளை முன் இடது, சாம்பல் முன் வலது, பச்சை பின் இடது, ஊதா பின் வலது.

ஆயினும் வானொலியோடு வரும் தாளைப் பார்த்து உறுதி செய்யுங்கள். வாகனத்திலிருந்து வரும் வயர்களின் நிறங்களோ கம்பனிக்குக் கம்பனி வேறுபடும். பழைய வாகனத்தில் எத்தனை கைகள் பட்டிருக்கும் என்று எவருக்கும் தெரியாது. எனவே நிறத்தை நம்ப வேண்டாம்; அளந்து பார்த்ததையே நம்புங்கள். இப்பாடத்தில் ஒன்றை மாத்திரம் நினைவில் வைப்பதானால் இதனை வையுங்கள்.

வேலை ஒழுங்கு

1. பற்றறியின் எதிர்முனையை முதலில் கழற்றுங்கள். நேர்முனையை முதலில் கழற்றினால், ஸ்பனர் வாகன உடலில் பட்டுத் தீப்பொறி பறக்கும்.

2. பழைய வானொலியை மெதுவாக வெளியே எடுங்கள். பழைய இணைப்பியை வெட்டி எறிய வேண்டாம். வயரைக் குறுகலாக வெட்டினால் பின்பு எவரும் திருத்த முடியாது. காற்றுப்பை உள்ள வாகனமாயின், மஞ்சள் உறை போட்ட இணைப்புகளைத் தொட வேண்டாம்.

3. வயர் நுனிகள் ஒன்றோடொன்று முட்டாதபடி பிரித்து வையுங்கள். பின்பு பற்றறியை மீண்டும் பூட்டி, மல்ரிமீற்றராலோ சோதனை பல்பாலோ பாருங்கள். திறப்பு இல்லாதபோதும் 12 வோல்ற் காட்டுவது மஞ்சளுக்கு உரியது. திறப்பைத் திருப்பியபின் காட்டுவது சிவப்புக்கு உரியது. லைற்றைப் போட்டபின் காட்டுவது செம்மஞ்சளுக்கு உரியது. ஒவ்வொன்றிலும் ஒரு துண்டுத் தாளை ஒட்டிப் பெயர் எழுதுங்கள்.

4. பற்றறியின் எதிர்முனையை மறுபடியும் கழற்றுங்கள். இனித்தான் இணைக்கும் வேலை.

5. ஏர்த் வயருக்கு, வாகன உடலில் மை பூசாத, துரு இல்லாத இரும்பைச் சுரண்டி எடுத்துத் திருகாணியால் இறுக்குங்கள். வானொலிக் கோளாறுகளில் பல, ஏர்த் சரியில்லாததால் வருபவை.

6. ஸ்பீக்கர் வயரில் கவனம் தேவை. பழைய வாகனங்களில் ஸ்பீக்கருக்கு ஒரு வயர் மாத்திரம் வந்து, மற்ற முனை வாகன உடலோடு சேர்க்கப்பட்டிருக்கும். இக்கால வானொலிகளில் ஸ்பீக்கரின் இரண்டு வயர்களிலும் மின் உண்டு. ஒன்றேனும் வாகன உடலில் பட்டால் வானொலி பழுதாகிவிடும். எனவே ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் இரண்டு புதிய வயர்கள் இழுங்கள். ஸ்பீக்கரின் நேர்முனை எது என்று தெரியாவிட்டால், 1.5 வோல்ற் டோர்ச் பற்றறியின் இரு முனைகளையும் ஒரு கணம் தொட்டுப் பாருங்கள். கூம்பு வெளியே தள்ளினால், பற்றறியின் நேர்முனை தொட்ட பக்கமே ஸ்பீக்கரின் நேர்முனை.

7. இணைப்புகளை ஈயம் பற்றவைத்து மூடுங்கள். அல்லது நசுக்கி இறுக்கும் இணைப்பிகளைப் பாவியுங்கள். முறுக்கி ரேப் சுற்றுவது எமது வெயிலுக்கு நிலைக்காது. பசை உருகி ரேப் கழன்றுவிடும். இரும்புத் துளை வழியாக வயர் போனால் றப்பர் வளையம் போடுங்கள்.

8. மஞ்சள் வயரில் பியூஸ் கட்டாயம். வானொலியில் எழுதியுள்ள அளவையே போடுங்கள். பெரும்பாலும் 10 அல்லது 15 அம்பியராக இருக்கும். நேராகப் பற்றறியிலிருந்து வயர் இழுத்தால், பற்றறிக்கு ஒரு சாண் தூரத்துக்குள் பியூஸ் இருக்க வேண்டும்.

9. வானொலியின் பின்புறத்தை ஓர் இரும்புப் பட்டியால் தாங்குங்கள். எமது வீதிகளின் குலுக்கலில் முன்பக்கப் பிடி மாத்திரம் போதாது.

10. ஏரியல் உடைந்திருந்தால் சுமார் 75 சதமமீற்றர் நீளமான ஏரியல் எப்.எம். அலைக்குப் பொருத்தமானது. ஏரியல் வயரை மின் வயர்களோடு சேர்த்துக் கட்ட வேண்டாம்.

கடைசியாகப் பற்றறியைப் பூட்டிச் சோதியுங்கள். எஞ்சினின் வேகத்தோடு கூடிக் குறையும் கீச்சொலி கேட்டால் முதலில் ஏர்த்தைப் பாருங்கள். திறப்பை எடுத்தவுடன் நிலையங்கள் மறந்துபோனால் மஞ்சளும் சிவப்பும் மாறிப் பூட்டப்பட்டிருக்கலாம். பியூஸ் எரிந்தால், எங்கோ வயர் உடலில் முட்டுகிறது என்று பொருள். முட்டும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். பெரிய பியூஸ் போட வேண்டாம். வெள்ளித்தாள் வேண்டவே வேண்டாம்.

பற்றறிக் கணக்கு

எஞ்சினை நிறுத்தி வானொலி கேட்டால் எவ்வளவு நேரம் கேட்கலாம்? வானொலி 2 அம்பியர் எடுப்பதாக வைத்துக்கொள்வோம். 10 மணித்தியாலத்தில் 20 அம்பியர்-மணி போய்விடும். 60 அம்பியர்-மணிப் பற்றறியில் அது மூன்றில் ஒரு பங்கு. புதிய பற்றறி தாங்கும். பழையது எஞ்சினை எழுப்பாமல் விடலாம். கிரிக்கெட் கேட்ட இரவில் பிள்ளைப்பேற்றுக்கு ஒரு தாயை ஏற்றிச் செல்ல வேண்டி வந்தால் என்ன செய்வோம்? ஆகவே குழுவாக ஒரு விதி வையுங்கள்: எஞ்சின் நிற்கும்போது செய்தியும் வானிலை அறிக்கையும் மாத்திரம். புயல் எச்சரிக்கை உள்ள நாட்களில் பற்றறியை நிறைத்து வைத்து, மணிக்கொரு முறை மாத்திரம் கேளுங்கள். மணமகனுக்காகக் காத்திருந்த கன்னியரின் உவமையை நாம் அறிவோம். விளக்கு எல்லோரிடமும் இருந்தது. எண்ணெயைச் சேமித்தவர்களே உள்ளே போனார்கள்.

ஒரு வேண்டுகோள். வேலை முடிந்ததும் எந்த வயர் எதற்குரியது, பியூஸ் எத்தனை அம்பியர், அது எங்கே உள்ளது என்பதை ஒரு தாளில் எழுதி, வாகனப் புத்தகத்தோடு வையுங்கள். அடுத்துத் திருத்துபவர் உங்கள் மகனாகவோ மகளாகவோ இருக்கலாம். பிள்ளைகளையும் அருகில் வைத்துக்கொண்டே இவ்வேலையைச் செய்யுங்கள். இடம்பெயர்வில் வீட்டையும் காணியையும் விட்டு வந்தோம். கைத்தொழிலை எவரும் எம்மிடமிருந்து பறிக்கவில்லை. அதனைப் பிள்ளைகளுக்குக் கொடுப்போம்.

குழுவில் கலந்துரையாட

1. எமது குறிச்சியில் மின்சாரமும் தொலைபேசியும் இல்லாத நாளில் எச்சரிக்கை எவ்வழியாக எம்மை வந்தடையும்? அதனை வீடு வீடாகச் சொல்வது யார்?
2. எமது குழுவின் வாகனத்தில் உள்ள பியூஸ்களை எப்போது கடைசியாகப் பார்த்தோம்? மேலதிகப் பியூஸ் வாகனத்தில் உண்டா?
3. எம்மிடையே மின்வேலை தெரிந்தவர் யார்? அவரிடம் கற்றுக்கொள்ள முன்வரும் இளைஞர், யுவதிகள் யார்?
4. அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற இலக்கத்தை எல்லா வீடுகளிலும் எழுதி வைத்திருக்கிறோமா?